உழவர் கேள்வி–பதில்: டிஸ்க் பிரேக் வாங்குவதும் பேணுவதும்

நெல், கரும்பு, கறவை மாடு பற்றியே கேள்விகள் வரும் இந்தப் பகுதிக்கு இம்முறை வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து வண்டி பிரேக் பற்றிய கேள்விகள் வந்துள்ளன. வயலுக்கும் வங்கிக்கும் பால் சொசைட்டிக்கும் உரக்கடைக்கும் வண்டி இல்லாமல் இன்று எந்தக் குடும்பமும் இல்லை. சம்பா பருவ வேலை தொடங்கிவிட்டால் அந்த வண்டி சேற்றிலும் மழையிலும்தான் ஓடும். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் பிரேக்குக்கே.

கேள்வி: மகனுக்கு பைக் வாங்கப் போகிறோம். ஒரே மாடலில் டிரம் பிரேக் வண்டி விலை குறைவு, டிஸ்க் வண்டி சில ஆயிரம் ரூபாய் அதிகம். சேற்று வழியில் ஓட்டுவதற்கு டிரம்தான் நல்லது என்கிறார்கள். எதை வாங்கலாம்?
– நெல் விவசாயி, கூடப்பாக்கம், வில்லியனூர் கொம்யூன்

பதில்: முன் சக்கரத்துக்கு டிஸ்க் உள்ள வண்டியையே வாங்குங்கள். காரணம் இதுதான். வண்டி ஓடும்போது பிரேக் பிடித்தால் எடை முழுவதும் முன்பக்கம் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் ஏறக்குறைய 70 சதவீதத்தை முன் சக்கரமே செய்கிறது. அந்தச் சக்கரத்தில் வலுவான பிரேக் இருந்தால்தான் வண்டி நிற்கும்.

டிரம் பிரேக்கில், மூடிய கிண்ணத்துக்குள் இரண்டு பிரேக் ஷூ விரிந்து உள்சுவரை உரசும். சேறு எளிதில் உள்ளே போகாது என்பது உண்மை. விலையும் குறைவு, பழுது பார்க்கவும் எளிது. ஆனால் மதகு வழியாகவோ தேங்கிய தண்ணீரிலோ இறங்கி ஏறினால், உள்ளே போன தண்ணீர் உடனே வெளியேறாது. அடுத்த ஓரிரு முறை பிரேக் வழுக்கும். டிஸ்க் பிரேக்கில் தட்டு வெளியே காற்றில் சுழல்கிறது. தண்ணீர் பட்டாலும் தெறித்துப் போய்விடும், சூடும் விரைவில் ஆறும். சேறு ஒட்டினால் கண்ணுக்குத் தெரியும், கழுவிவிடலாம்.

டிஸ்க் பிரேக் புதுச் சரக்கு அல்ல. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்ற பொறியாளர் 1902லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1953ல் பிரான்சின் லே மான் நகரில் நடந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. கீழூரில் 1954 அக்டோபர் 18ல் வாக்கெடுப்பு நடந்து புதுச்சேரி இந்தியாவோடு இணைந்ததே, அதற்கு மறு ஆண்டு பாரிஸில் அறிமுகமான சிட்ரோயன் டி.எஸ். காரில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. நம் பக்கத்திலும் பிரேக் பாகங்கள் செய்யும் தொழில் பழையதுதான். 1962ல் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் சென்னை பாடியில் இருக்கிறது.

வாங்கும்போது இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 1 முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளில் ஏ.பி.எஸ். கட்டாயம். 125 சி.சி. வரை உள்ள வண்டிகளில் சி.பி.எஸ். இருக்க வேண்டும். சி.பி.எஸ். என்றால், கால் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். ஏ.பி.எஸ். என்றால், எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல், விட்டு விட்டுப் பிடிக்கும். கைப்பிடியில் துடிப்பு தெரியும். அது பழுதல்ல, பயந்து பிடியை விட்டுவிடக் கூடாது. சாவி போட்டதும் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் அன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பழைய பைக் வாங்குபவர்கள், டிரம் வண்டிக்கு வெளிச்சந்தையில் டிஸ்க் மாற்றிப் பூட்டும் வேலையைச் செய்யவேண்டாம். முன் ஃபோர்க், சக்கரக் குடம், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வடிவமைக்கப்பட்டவை. அரைகுறையாகப் பொருத்திய டிஸ்க்கைவிட நல்ல நிலையில் உள்ள டிரம் மேல்.

கேள்வி: நடவு வேலையில் ஒரு வாரம் வண்டியை எடுக்கவில்லை. இப்போது தள்ளினால் முன் சக்கரம் இழுக்கிறது, கீச்சென்று சத்தம் வருகிறது. தட்டில் துரு தெரிகிறது. மெக்கானிக் டிஸ்க்கையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், சோரியாங்குப்பம், பாகூர் கொம்யூன்

பதில்: உடனே மாற்ற வேண்டியதில்லை. மழையில் நின்ற வண்டியின் தட்டில் மெல்லிய துரு படிவது இயல்பு. மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்தால் தேய்ந்து போய்விடும்.

சக்கரம் இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தட்டு அல்ல, காலிப்பர்தான். பிரேக் பேடுகளை இருபுறமும் அழுத்தும் பகுதி அது. அதில் முன்னும் பின்னும் நழுவும் இரண்டு பின்கள் உண்டு. அவற்றில் சேறோ உப்போ ஏறி, கிரீஸ் வற்றிவிட்டால், பிடித்த பேட் திரும்பி விலகாது. ஐந்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். தட்டைத் தொடாமல், அருகே கையைக் காட்டிப் பாருங்கள். அனல் அடித்தால் பேட் ஒட்டிக்கொண்டே ஓடுகிறது என்று பொருள். மெக்கானிக்கிடம், “காலிப்பரைக் கழற்றி, பின்னையும் பிஸ்டனையும் சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் வையுங்கள்” என்று கேளுங்கள். சாதாரண கிரீஸ் சூட்டில் உருகி பேடில் இறங்கும், ரப்பரையும் ஊதவைக்கும்.

காலிப்பர் இறுகுவதற்கு நம் ஊரில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. யூரியா மூட்டையும் பொட்டாஷ் மூட்டையும் பைக்கில்தான் வருகின்றன. மூட்டையிலிருந்து கொட்டும் உரத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைந்து, இரும்பை அரிக்கிறது. மியூரேட் ஆஃப் பொட்டாஷ் என்பது ஒருவகை உப்புதான். உரம் ஏற்றிய நாளில் சக்கரத்தையும் காலிப்பரையும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, தெருக்கோடி வரை ஓட்டி இரண்டு முறை பிரேக் பிடித்து உலரவைத்து நிறுத்துங்கள். மோட்டார் பம்ப் குழாயின் வேகத்தைக் காலிப்பர் மீது நேராகப் பாய்ச்சாதீர்கள்.

தட்டை எப்போது மாற்றுவது? தட்டிலேயே குறைந்தபட்சக் கனம் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். புதிதில் 4 மி.மீ. உள்ள தட்டில் பெரும்பாலும் 3.5 என்று இருக்கும். அளந்து பார்த்து அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றவேண்டும். விரிசல் கண்டாலோ, நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தாலோ, தட்டு வளைந்து பிரேக் பிடிக்கும்போது கைப்பிடி தட்டுத் தட்டென்று அதிர்ந்தாலோ மாற்றவேண்டும். மற்றபடி பழைய தட்டே போதும். “எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, அளந்து காட்டுங்கள்” என்று கேட்பதில் தவறில்லை. நல்ல மெக்கானிக் கோபப்படமாட்டார்.

பேட் தேய்மானத்தைக் காலிப்பருக்குப் பின்னால் குனிந்து பார்த்தாலே தெரியும். இரும்புத் தகட்டின் மேல் உள்ள உரசும் பகுதி 2 மி.மீ.க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுங்கள். பேட் தீர்ந்து இரும்போடு இரும்பு உரசினால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை தட்டையும் சேர்த்து வாங்கும் செலவாகும். பேடின் விலை மலிவாக இருக்கிறது என்று பெயர் தெரியாத சரக்கை வாங்காதீர்கள். புதிய பேட் போட்ட பிறகு முதல் 200 கிலோமீட்டர் மிதமாக ஓட்டுங்கள். அதற்குள் பேட் தட்டோடு பொருந்திவிடும்.

கேள்வி: தினமும் இரண்டு வேளை பால் கேனோடு சொசைட்டிக்குப் போகிறேன். வண்டியின் முன் பிரேக் பிடி பஞ்சு மாதிரி அமுங்குகிறது. டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறது. வீட்டுக்காரர் இன்ஜின் ஆயில் ஊற்றலாம் என்கிறார். ஊற்றலாமா?
– கறவை மாடு வளர்ப்பவர், மங்கலம், வில்லியனூர் கொம்யூன்

பதில்: ஊற்றவே கூடாது. அம்மா, இதை வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெயே அல்ல, கிளைக்கால் வகை ரசாயனத் திரவம். மாஸ்டர் சிலிண்டரிலும் காலிப்பரிலும் உள்ள ரப்பர் வளையங்கள் அந்தத் திரவத்துக்கு ஏற்றவை. இன்ஜின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய் எது பட்டாலும் அந்த ரப்பர் ஊதிக் குழைந்துவிடும். முதல் நாள் பிரேக் பிடிக்கும். பிறகு ஒரு நாள் பிடிக்காது, அல்லது பிடித்தது விடாது.

டப்பா மூடியின் மேலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். எது எழுதியிருக்கிறதோ அதையே சீல் உடைக்காத புட்டியில் வாங்கவேண்டும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியசிலும், டாட் 4 குறைந்தது 230 டிகிரியிலும்தான் கொதிக்கும். ஆனால் இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உடையது. நாளாக நாளாக ஈரம் ஏறினால் கொதிநிலை டாட் 3க்கு 140, டாட் 4க்கு 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். சூட்டில் திரவம் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், பிடி அமுங்குமே தவிர பிரேக் பிடிக்காது. அதனால்தான் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திரவத்தை முழுக்க மாற்றச் சொல்கிறார்கள். பாதி தீர்ந்து திறந்து கிடக்கும் புட்டியைச் சேமித்துவைத்து மறு ஆண்டு ஊற்றுவதும் தவறு. தேன் நிறத்தில் இருக்கவேண்டிய திரவம் டீத்தூள் கறுப்பாகிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பிடி பஞ்சு மாதிரி அமுங்குவது குழாயில் காற்று புகுந்ததற்கான அறிகுறி. மெக்கானிக் ‘ஏர் எடுத்து’ தருவார். திரவ அளவு குறைந்ததற்குக் காரணம் இரண்டில் ஒன்று. பேட் தேய்ந்தால் அளவு தானாகக் கொஞ்சம் இறங்கும். அப்போது மேலே நிரப்பினால், புதிய பேட் போடும்போது வழிந்துவிடும். முதலில் பேடைப் பாருங்கள். பேட் நன்றாக இருந்தும் அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது. குழாய் இணைப்பிலும் காலிப்பரிலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கசிவு கண்டால் பால் கேனை வேறு வண்டியில் அனுப்புங்கள். சரிசெய்யும் வரை அந்த வண்டியை எடுக்கவேண்டாம். திரவம் வண்டிப் பெயின்டில் பட்டால் உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பல வீடுகளில் கைத்தெளிப்பானும் பைக்கும் ஒரே கொட்டகையில் நிற்கும். வேப்பெண்ணெய்க் கரைசல் இரண்டு சொட்டு தட்டில் பட்டாலும் அன்று காலை பிரேக் வழுக்கும். சத்தம் வருகிறது என்று தட்டுக்கு எண்ணெய் போடுபவர்களும் உண்டு. உயிரோடு விளையாடும் வேலை அது. எண்ணெய் பட்ட தட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடலாம். ஆனால் எண்ணெய் ஊறிய பேடைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறோம். குடும்பத்தோடு ஏற்காடு போக எண்ணம். பிரேக் விஷயத்தில் என்ன பார்க்கவேண்டும்?
– வாசகர், கன்னியக்கோயில், பாகூர் கொம்யூன்

பதில்: சிறிய கார்களிலும் குட்டியானை போன்ற சரக்கு வண்டிகளிலும் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நான்கு சோதனைகள் செய்யுங்கள்.

ஒன்று, சமதரையில் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்தால் வண்டி நேராக நிற்கவேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரத்துக் காலிப்பர் இறுகியிருக்கிறது.

இரண்டு, இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை பெடலை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர் வேலை செய்யவில்லை.

மூன்று, இன்ஜின் ஓடும்போது பெடலை அரை நிமிடம் சீராக அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லத் தரைவரை இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு.

நான்கு, முன் பேட் 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் மாற்றிவிடுங்கள். வாங்கிய வண்டியில் முந்தைய உரிமையாளர் பிரேக் திரவம் எப்போது மாற்றினார் என்று தெரியாதல்லவா? புதிதாக மாற்றிக்கொண்டே மலை ஏறுங்கள்.

புதுச்சேரியில் மேடு பள்ளம் என்றால் ஏரிக்கரையும் ஆற்றுப் பாலமும்தான். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை மட்டுமே நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் தட்டும் பேடும் பழுக்கக் காய்ந்து, பிடிமானம் குறையும். எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைத்து உருட்டுவதும் பெரிய ஆபத்து. இன்ஜின் நின்றால் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் பலம் இருக்கும். பிறகு பெடல் கல்லாக இறுகும். எரிந்த வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான தட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வளைந்துபோகும், விரிசலும் விடலாம்.

கேள்வி: டிராக்டரில் பிரேக் பிடித்தால் இடது பக்கமே திரும்புகிறது. டிரெய்லரில் நெல் ஏற்றிக் கடலூர் சாலையில் போகப் பயமாக இருக்கிறது.
– டிராக்டர் உரிமையாளர், குருவிநத்தம், பாகூர் கொம்யூன்

பதில்: பயப்படுவது சரிதான். முதலில் இரண்டு பெடல்களையும் இணைக்கும் கொக்கி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உழும்போது முனையில் திரும்ப ஒரு பக்கப் பெடலை மட்டும் மிதிப்போம். அதே நிலையில் சாலைக்கு வந்து அவசரத்தில் ஒரு பெடலை மிதித்தால், டிராக்டர் சுழன்று கவிழும். வரப்பைவிட்டு ஏறியதும் கொக்கியை மாட்டுவது பழக்கமாகவேண்டும்.

கொக்கி போட்டும் ஒரு பக்கம் திரும்பினால், இரண்டு பெடல்களின் வெற்று ஓட்டம் சமமாக இல்லை. கையேட்டில் உள்ள அளவுக்கு இரண்டு பக்க ராடையும் சமமாகத் திருகிவைக்கவேண்டும். பிறகு காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பாருங்கள். இரண்டு பின்சக்கரமும் ஒரே நேரத்தில் நிற்கவேண்டும்.

டிராக்டரில் உலர் டிஸ்க், ஆயிலில் மூழ்கிய டிஸ்க் என இரண்டு வகை உண்டு. சேற்று உழவு அதிகம் செய்பவர்களுக்கு ஆயில் டிஸ்க் நல்லது. சூடு தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். அதில் டிரான்ஸ்மிஷன் ஆயிலின் அளவும் தரமும்தான் உயிர். ஆயில் பால் நிறமாக மாறினால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். மாற்றாமல் ஓட்டினால் பிரேக் தட்டோடு கியரும் கெடும். பைக் பிரேக் திரவம் வேறு, டிராக்டர் ஆயில் வேறு. ஒன்றை இன்னொன்றில் ஊற்றக் கூடாது.

டிரெய்லரில் பெரும்பாலும் பிரேக்கே இல்லை. அத்தனை பாரமும் பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளும். ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போது கிளட்சை மிதித்துவிட்டு உருட்டாதீர்கள். இறங்குவதற்கு முன்பே சின்ன கியருக்கு மாறி, இன்ஜின் பிடிமானத்திலேயே இறங்குங்கள். டிரெய்லரின் பின்னால் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். பின்னால் வரும் பைக்காரருக்கும் பிரேக் பிடிக்க நேரம் வேண்டும்.

கேள்வி: அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லும் வைக்கோலும் கிடக்கின்றன. டிஸ்க் பிரேக் பிடித்தால் சறுக்குகிறது. என்ன செய்வது?
– கல்லூரி மாணவி, பத்துக்கண்ணு, வில்லியனூர் கொம்யூன்

பதில்: பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயரும் சாலையும். இடையில் நெல்மணி உருண்டால், எவ்வளவு நல்ல பிரேக்கும் பயன்படாது. டிராக்டர் சக்கரம் விட்டுச்சென்ற களிமண் மேல் முதல் மழை விழுந்தாலும் இதே கதைதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நிற்க ஏறக்குறைய 21 மீட்டர் வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் அதுவே 40 மீட்டர். ஈரச் சாலையில் 60ல் போனால் 50 மீட்டருக்கு மேல். வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் நிற்கும் தூரம் இரண்டு மடங்கு.

நெல்லைக் கண்டதும், அதன் மேல் ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஏறிய பிறகு முன் பிரேக்கைப் பலமாகப் பிடிக்காமல், கைப்பிடியைத் திருப்பாமல், நேராகக் கடந்துவிடுங்கள். எப்போதும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டிப் பிடிக்கப் பழகுங்கள். டயரில் பட்டன் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால், டிஸ்க்குக்குக் கொடுத்த காசு வீண். காய வைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வளைவிலும் பாலத்து இறக்கத்திலும் நெல் கொட்டாதீர்கள். மாலையில் வாரியபின் சாலையை ஒரு முறை பெருக்கிவிடுங்கள். அந்த வழியில் வருவது நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

நினைவில் வைக்க

ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும் நாளில், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்: பேட் கனம், திரவத்தின் நிறம், டயர் பட்டன், கசிவு ஆகியவற்றைப் பாருங்கள்.

மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும்: காலிப்பரைக் கழற்றிச் சுத்தம், பின்களுக்குக் கிரீஸ், சக்கரக் குடத்தில் சுற்றிய வைக்கோல் அகற்றல்.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை: பிரேக் திரவம் முழு மாற்றம். மாற்றிய தேதியை ஆர்.சி. புத்தகப் பையில் எழுதிவையுங்கள்.

பிரேக் தூசியை வாயால் ஊதக் கூடாது, காற்றுக் குழாயாலும் அடிக்கக் கூடாது. பழைய பேடுகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது பிரேக் பிடியை அழுத்தாதீர்கள். பிஸ்டன் வெளியே வந்துவிடும். சிறு பிள்ளைகள் விளையாட்டாகப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் நவரை நெல் நாற்றங்கால் பற்றிய கேள்விகளுக்குப் பதில் இடம்பெறும்.